படுக்கை எங்களுக்கு, இருக்கை யாருக்கு?

கடந்த ஆண்டு எங்கள் காலனிக்கு ஒரு மருத்துவக் கல்லூரியின் பேருந்து வந்தது. பல ஊர்களில் வளாகம் வைத்திருக்கும் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அது. கர்ப்பப்பை இறக்கத்தோடு பல வருடங்களாக நாற்று நட்டுக்கொண்டிருந்த என் அத்தையை, இலவச அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நான் போனேன்.

சிகிச்சையைக் குறை சொல்ல மாட்டேன். பணம் கேட்கவில்லை, சாப்பாடும் கொடுத்தார்கள். அத்தை இன்று வலியில்லாமல் நடக்கிறார். ஆனால் தினமும் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அதே கேள்விகளைக் கேட்டார்கள், பரிசோதித்தார்கள். “பார்க்கலாமா அம்மா?” என்று கேட்டவர் ஒரே ஒரு மாணவி. மூன்றாம் நாள் இரவு அத்தை என்னிடம் கேட்டார்: “ஏம்மா, இத்தனை புள்ளைங்க வருதே, இதுல நம்ம காலனிப் புள்ள மாதிரி ஒண்ணாச்சும் இருக்குமா?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளின்படி, ஆண்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள் வேண்டுமென்றால் 420 படுக்கைகள் வேண்டும். 150 இடங்களுக்கு 605. படுக்கை போட்டால் போதாது, அதில் நோயாளியும் இருக்க வேண்டும். 2025இல் மருத்துவக் கல்லூரி அனுமதி முறைகேடு குறித்து சி.பி.ஐ. பதிந்த வழக்கில், ஆய்வுக்குக் காட்டப் போலி நோயாளிகளைச் சேர்த்தார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. புதிய வளாகம் திறக்க நிலமும் பணமும் இருந்தால் கட்டடம் வந்துவிடும். நோயாளி இல்லாமல் மருத்துவர் உருவாக மாட்டார். அந்த நோயாளியைத் தேடித்தான் பேருந்து காலனிக்கு வருகிறது. எனவே அத்தை பெற்றது தர்மம் அல்ல. அவரும் கொடுத்தார், தன் உடலையே பாடமாகக் கொடுத்தார்.

அந்த வார்டில் பாடம் படிக்கும் இடம் யாருக்குக் கிடைக்கிறது? தமிழ்நாட்டில் பல தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். அங்கே 69 விழுக்காடு இடஒதுக்கீடு கிடையாது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் போராடிப் பெற்ற 7.5 விழுக்காடும் அந்த வாசலில் நின்றுவிடுகிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2005இல் வந்த 93ஆவது அரசமைப்புத் திருத்தம், தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு தர அனுமதித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் 2006இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றிய அரசின் நிறுவனங்களோடு நின்றுவிட்டது. 2025இல் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, தனியார் உயர்கல்வியிலும் இடஒதுக்கீட்டுச் சட்டம் வேண்டுமென்று பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரையைச் சட்டமாக்க வைப்பது நம் வேலை.

“அவர்கள் போட்ட பணம், அவர்கள் இஷ்டம்” என்பார்கள். பணம் அவர்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். வார்டு முழுக்கப் படுத்திருக்கும் உடல்கள் யாருடையவை? “தகுதி என்னாவது?” என்பார்கள். 2023இல் மருத்துவ மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது, நீட் தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். இடம் காலியாகக் கிடந்தால் வளைகிற தகுதி, எங்கள் பிள்ளைகள் வரும்போது மட்டும் விறைத்துக்கொள்கிறது.

கேட்பது மூன்று. ஒன்று, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா வளாகங்களிலும் இடஒதுக்கீடு. அந்த மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். கட்டணம் அப்படியே இருந்தால் இடஒதுக்கீடு காகிதத்தில்தான் இருக்கும். இரண்டு, மாணவர், ஆசிரியர் பட்டியலில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு வளாகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்று, இலவச வார்டிலும் நோயாளியின் சம்மதம் கேட்ட பிறகே மாணவர் கை வைக்க வேண்டும். திரைச்சீலையும் மரியாதையும் பணம் கட்டுகிறவருக்கு மட்டும் உரியவை அல்ல.

இதைப் படிக்கும் நீங்கள் அப்படியொரு கல்லூரியில் மாணவராக இருக்கலாம். நாளை ரவுண்ட்ஸில் நிற்கும்போது, கட்டிலில் இருப்பவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளுங்கள். பிறகு உங்கள் வகுப்பில் அந்தத் தெருவிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தை என்னிடம் கேட்ட கேள்விக்கு உங்களால்தான் பதில் சொல்ல முடியும்.