சந்தன நிறமா? கரும்பச்சையா?

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் வேலை தொடங்கிவிடும். முன்பு சுண்ணாம்பும் கொஞ்சம் நீலமும் இருந்தால் போதும். இப்போது பெயிண்ட் கடைக்குப் போனால் ஆயிரம் நிறங்களைக் காட்டுகிறார்கள்.

சில ஆண்டுகளாகக் கரும்பச்சைக்கு மவுசு வந்திருக்கிறது. பங்களாக்களின் படங்களில் அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் கூடத்தில் 4 ஜன்னல்கள் இருக்கும். பத்துக்குப் பத்து அறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கும்!

வெளிச்சம் எங்கே போகிறது?

வெளிர் சந்தன நிறச் சுவரில் 100 பங்கு வெளிச்சம் பட்டால், சுமார் 70 பங்கை அது திருப்பித் தரும். கரும்பச்சைச் சுவர் சுமார் 10 பங்குதான் தரும். மீதியை விழுங்கிவிடும். பகலிலேயே விளக்குப் போட வேண்டியதுதான். கரண்டு செலவு ஒருபுறம் இருக்கட்டும். அந்த அறையில் உட்கார்ந்து பாடம் படிக்கும் பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டாமா?

"பச்சை குளிர்ச்சி" என்பார்கள். குளிர்ச்சி கண்ணுக்குத்தான். வெயில் காய்வது வெளிச்சுவரிலும் மொட்டை மாடியிலும். உள்ளே பச்சை பூசுவதால் அறையின் சூடு குறைந்துவிடாது.

"அழுக்குத் தெரியாது" என்பார்கள். இது உண்மை. சந்தன நிறத்தில் பிள்ளைகளின் கைத்தடம் தெரியும். எண்ணெய்த் தலை சாய்ந்த இடமும் தெரியும். அதற்குத்தான் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் கரும்பச்சை ஆயில் பெயிண்ட் அடித்தார்கள். மேலே வெள்ளை. கை படும் இடத்தில் பச்சை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெள்ளை. கெட்டிக்கார யோசனை! பச்சையை விட மனம் வராதவர்கள் அப்படியே செய்யலாம். நான்கு சுவருக்கும் பூசிவிட்டுப் பிறகு வெளிர் நிறத்துக்கு மாறினால், கூடுதலாக ஒன்றிரண்டு பூச்சு ஆகும். கூலியும் கூடும்.

பழைய பச்சைக் கதவு

சந்தனமோ, பச்சையோ, பூசும் முன்பு பழைய கதவையும் ஜன்னலையும் கவனிக்க வேண்டும். பழைய பச்சைப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்பு பூசிய பெயிண்டைக் காய்ந்தபடி சுரண்டினால் தூள் வீடு முழுவதும் பறக்கும். தண்ணீர் தொட்டு, ஈரத்தோடுதான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடியும் வரை குழந்தைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.