தாங்கி நிரம்புமுன் 'டக்' என்று நிற்பதேன்?

பெற்றோல் நிலையத்திற் காரை நிறுத்தி, "முழுத்தாங்கி" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கின்றோம். ஊழியர் நொசிலைத் தாங்கியின் வாயிலே செருகி நெம்பை அழுத்துகின்றார். ஐந்து லீற்றர்தானும் ஏறவில்லை, 'டக்' என்றோர் ஓசை எழுகின்றது, பெற்றோல் நின்றுவிடுகின்றது. மீண்டும் அழுத்துகின்றார், மீண்டும் 'டக்'. பின்னால் நிற்கும் வாகனக்காரர் பொறுமையிழந்து ஹோர்ன் அடிக்கின்றார். காரினுள்ளே வீற்றிருக்கும் பெரியவர், "பம்பிலே ஏதோ சூது இருக்குது, தம்பி" என்கின்றார். "இல்லை ஐயா, உங்கட காரிலதான் பிழை" என்கின்றார் ஊழியர்.

இவ்வழக்கிலே தீர்ப்புக் கூற வேண்டுமாயின், நொசில் என்னும் அச்சிறு கருவி எதனை அறிந்து நிற்கின்றது என்பதை முதலில் நாம் தெரிந்துகொள்ளல் வேண்டும். தாங்கி நிரம்பியதை அறிந்தே அது நிற்கின்றது என்பது பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று.

சூது என்ற ஐயத்தை இப்பொழுதே அகற்றிவிடலாம். பெற்றோலை அளக்கும் மானி நொசிலில் இல்லை; பம்பின் உடலுக்குள்ளே, நீண்ட இறப்பர்க் குழாய்க்கு முன்னதாகவே அமைந்திருக்கின்றது. அக்குழாய் எப்பொழுதும் பெற்றோலால் நிறைந்தே இருக்கும். ஆகவே நொசில் பத்துமுறை நின்றாலென்ன, இருபதுமுறை நின்றாலென்ன, மானியைக் கடந்த அளவே தாங்கியைச் சேரும். அளவிலே மோசம் செய்வோர் உலகில் இல்லையென நாம் சாதிக்கவில்லை. அவர்களுடைய கைவரிசை இந்த ஓசையினால் வெளிப்படுவதன்று என்றே சொல்கின்றோம்.

நிற்க. நொசிலின் நுனியை உற்று நோக்குவோர், அதன் ஓரத்திலே ஒரு சிறு துளை இருப்பதைக் காண்பர். பெற்றோல் வரும் பெரிய வாய் வேறு, இத்துளை வேறு. இத்துளையிலிருந்து மெல்லிய குழலொன்று நொசிலின் உள்ளேயே ஓடிக் கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு சிற்றறையை அடைகின்றது. அவ்வறையின் ஒரு பக்கம் மெல்லிய இறப்பர்த் தகட்டினால் மூடப்பட்டிருக்கின்றது. மின்சாரமில்லை, கம்பியில்லை, கணிப்பொறியுமில்லை. இத்துளையும் குழலும் தகடுமே நொசிலின் கண்ணும் நரம்பும் மூளையுமாகும்.

இதன் செயலை விளங்கிக்கொள்ள மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். குளிர்பானம் அருந்தும் உறிஞ்சுகுழலொன்றை வாயில் வைத்து, வெறும் வளியை உறிஞ்சுங்கள். வளி தடையின்றி வரும்; கன்னங்களில் மாற்றம் எதுவும் தோன்றாது. உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையை விரலால் அடைத்துவிடுங்கள். மறுகணமே கன்னங்கள் இரண்டும் உட்குழியும். நொசிலுக்குள் நிகழ்வதும் இதுவே. அங்கே விரலின் வேலையைப் பெற்றோல் செய்கின்றது. கன்னத்தின் வேலையை இறப்பர்த் தகடு செய்கின்றது.

ஆனால் அங்கே உறிஞ்சுபவர் யார்? அதுவும் பெற்றோலே. ஓடும் திரவம் ஒடுக்கமான வழியிற் புகும்போது அதன் வேகம் கூடும். வேகம் கூடிய இடத்திலே அமுக்கம் குறையும். சுவிற்சலாந்து அறிஞர் டானியல் பேணூயி 1738இல் வெளியிட்ட நூலிலே வேகத்துக்கும் அமுக்கத்துக்குமுள்ள இத்தொடர்பை ஆராய்ந்தார். இத்தாலியரான வெந்தூரி 1797இல் ஒடுங்கிய குழாய்களில் நீர் ஓடும் முறைபற்றி எழுதினார். அவர் பெயராலேயே இத்தகைய ஒடுக்கம் இன்றும் 'வெந்தூரி' எனப்படுகின்றது. நொசிலின் பிரதான வால்வை அடுத்து அத்தகைய ஒடுக்கமொன்று உண்டு. பெற்றோல் விரைந்து பாயும்வரை, அவ்வொடுக்கம் நுனித்துளையின் வழியாக வளியை இடைவிடாது இழுத்துக்கொண்டே இருக்கும். துளை திறந்திருக்கும்வரை தொல்லையில்லை. பெற்றோல் எழும்பித் துளையை மூடியதும், இழுப்பு முழுவதும் சிற்றறையின்மேல் விழுகின்றது. இறப்பர்த் தகடு உள்வாங்குகின்றது. அத்துடன் பிணைந்த ஊசி விலகுகின்றது. கைநெம்பு தன் பிடியை இழக்கின்றது. சுருள்வில்லின் விசையால் வால்வு மூடிக்கொள்கின்றது. நாம் கேட்கும் 'டக்' இதுவே. நெம்பை முழுதாக விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாலன்றிப் பெற்றோல் வராதிருப்பதன் காரணமும் இதுவே.

தானாக மூடும் நொசிலுக்கு வித்திட்டவர் றிச்சார்ட் கோர்சன் என்னும் அமெரிக்கர் என்பர். 1939இல் நியூயோர்க் மாநிலத்து ஒலீன் நகரிலே பீப்பாய்களுக்குப் பெற்றோல் நிரப்புவோர் படும் பாட்டைக் கண்ட அவருக்கு, மலகூடத் தண்ணீர்த் தொட்டி நிரம்பும் ஓசையிலிருந்து இவ்வெண்ணம் உதித்ததாம். மிதவையோடு தொடங்கிய அவ்வெண்ணமே வளர்ந்து இன்றைய நொசிலாயிற்று.

இப்பொழுது காருக்கு வருவோம். நொசிலின் நுனி தாங்கிக்குள்ளே செல்வதில்லை. தாங்கிக்குச் செல்லும் கழுத்துக்குழாயின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகின்றது. தாங்கியோ அடியிலே கிடக்கின்றது. அப்படியாயின், தாங்கி நிரம்பியதை நுனி அறிவது எவ்வாறு?

வீட்டிலே போத்தலுக்கு மண்ணெண்ணெய் வார்த்தவர்கள் இதனை அறிவர். புனல் போத்தலின் வாயிலே இறுகப் பொருந்திவிட்டால் எண்ணெய் இறங்காது. புனலிலேயே தேங்கி நிற்கும். புனலைச் சற்றே உயர்த்தினால் 'குளுக்' என்று இறங்கிவிடும். போத்தலில் எண்ணெய் இல்லாவிடினும் அது வெறுமையாக இல்லை, வளியால் நிறைந்திருக்கின்றது. அவ்வளி வெளியேற வழி கிடைத்தாலன்றி எண்ணெய்க்கு இடமில்லை.

மோட்டார்த் தாங்கியின் நிலையும் அதுவே. 40 லீற்றர் பெற்றோல் உள்ளே செல்ல வேண்டுமாயின், 40 லீற்றர் வளியும் ஆவியும் வெளியே வருதல் வேண்டும். அமெரிக்காவில் 1996 தொடக்கம் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பம்பின் வேகம் நிமிடத்துக்கு 10 கலனுக்கு, அதாவது 38 லீற்றருக்கு, மேற்படலாகாது. அவ்வேகத்திற் பார்த்தாலும், செக்கனொன்றுக்கு அரை லீற்றருக்கும் அதிகமான வளி தாங்கியிலிருந்து வெளியேறியாக வேண்டும். இதன் பொருட்டே தாங்கியின் மேற்புறத்தில் வளிக்குழாயொன்றை வைத்திருக்கின்றனர். அதன் வாய், தாங்கியின் கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கும். பெற்றோல் மட்டம் உயர்ந்து அவ்வாயை மூடியதும், எஞ்சிய வளி சிறைப்பட்டுவிடும். அதன் பின்னர் வரும் பெற்றோல் தாங்கிக்குள் இறங்க இடமின்றிக் கழுத்திலே விரைந்து ஏறி, நொசிலின் நுனித்துளையைத் தொடும். 'டக்'!

வளிக்குழாய் இடையிலே அடைபட்டிருந்தால் நிகழ்வது யாது? அப்பொழுதும் வளி சிறைப்படும். அப்பொழுதும் பெற்றோல் கழுத்திலே ஏறும். அப்பொழுதும் துளை மூடப்படும். நிரம்பிய தாங்கியும், மூச்சடைத்த வெறுந்தாங்கியும் நொசிலுக்கு ஒன்றேயாம். இரண்டுக்குமுள்ள வேற்றுமையை அறியும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே ஊழியர் சொன்னது பெரும்பாலும் சரியென்றே நாம் தீர்ப்புக் கூறுவோம். பெரும்பாலும் என்றோமேயன்றி எப்பொழுதும் என்றோமில்லை.

நொசிலைச் செருகும் கோணம் பொருந்தாவிடின், பெற்றோல் கழுத்தின் சுவரில் மோதித் தெறித்து நுனித்துளையின்மேல் விழும். ஒரு துளி போதும். சில கார்களின் கழுத்து அண்மையிலேயே வளைந்திருக்கும். அவற்றிற்கு நொசிலை முற்றாகச் செருகாமல் சற்றே வெளியே இழுத்துப் பிடித்தாலோ, சிறிது திருகிப் பிடித்தாலோ தொல்லை நீங்கும். டீசல் மிகவும் நுரைக்கும் இயல்பினது. விரைந்து பாய்ந்தால் நுரையே எழும்பித் துளையை அடைத்துவிடும். அங்கே நெம்பை மெதுவாக அழுத்துவதே மருந்து. இவையெல்லாம் கைப்பக்குவத்தாலே தீரும் குறைகள். நொசிலே பழுதாயிருத்தலும் உண்டு. ஒரு பம்பிலே மாத்திரம் இடர்ப்படும் கார் மற்றை நிலையங்களிலே இலகுவாக நிரம்புமானால், பெரியவரின் சொல்லுக்கும் சிறிது மதிப்புக் கொடுக்கலாம்: சூது இல்லாவிடினும் பழுது பம்பிலேதான். எந்த நிலையத்துக்குச் சென்றாலும் 'டக்' தொடருமாயின், குற்றவாளி காரின் வளிக்குழாயே.

அக்குழாய் அடைபடும் வகை பலவாகும். சேறு புகலாம், திருத்தவேலையின் பின் குழாய் மடிந்திருக்கலாம், பூச்சிகள் குடியேறலாம். இதனை வேடிக்கையென எண்ணற்க. மஸ்டா நிறுவனம் 2011இல், தன் மஸ்டா 6 வகைக் கார்களுள் 50,000க்கு மேற்பட்டவற்றை அமெரிக்காவிலே திருப்பியழைக்க நேர்ந்தது. காரணம் ஒரு சிலந்தி! மஞ்சட் பைச் சிலந்தி எனப்படும் அச்சிற்றுயிர் பெற்றோலின் வாசனையினால் ஈர்க்கப்பட்டு, வளிக்குழாயினுள்ளே வலை பின்னியதாம். வழி அடைபட்டதால் தாங்கிக்குள் அமுக்கம் குறைந்து, தாங்கியே வெடிப்புற்றுப் பெற்றோல் கசியக்கூடும் என்பது பொறியியலாளரின் அச்சம். சிலந்தி புகாவண்ணம் ஒரு சுருள்வில்லைப் பொருத்திப் பார்த்தனர். சிலந்தி அதற்கு அஞ்சியதாகத் தெரியவில்லை; 2014இல் மேலும் 42,000 அளவிலான கார்களை அழைக்க வேண்டியதாயிற்று.

சிலந்தியைக் குறை கூறுமுன், நாமே செய்யும் ஒரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். பெற்றோல் ஆவி காற்றை மாசுபடுத்துவதால் அதனைத் தாங்கியிலிருந்து வெளியே விடலாகாதெனக் கலிபோர்ணியாவில் 1970ஆம் ஆண்டுக் கார்களுக்கும், அமெரிக்கா முழுவதிலும் 1971ஆம் ஆண்டுக் கார்களுக்கும் விதி பிறந்தது. அதன் விளைவாகத் தோன்றியதே கரிப்பேணி. நுண்துளைகள் நிறைந்த கரியை உள்ளே கொண்ட இப்பேணி ஆவியைப் பற்றி வைத்துக்கொள்ளும். இயந்திரம் ஓடும்போது அவ்வாவியை உறிஞ்சி எரித்துவிடும். நம் நாட்டிலே சிரட்டைக்கரியிலிருந்து செய்து பிறநாடுகளுக்கு அனுப்பும் கரியும் இவ்வினத்ததே. இக்காலப் பெற்றோற் கார்கள் பெரும்பாலானவற்றில் இப்பேணி உண்டு. 1998 முதல் அமெரிக்காவிலே படிப்படியாக வந்த கார்களிலோ, பெற்றோல் நிரப்பும்போது எழும் ஆவி முழுவதும் இப்பேணியின் வழியாகவே செல்ல வேண்டும்.

'டக்' என்று நின்றபின்னரும் நாம் விடுகின்றோமா? "இன்னும் கொஞ்சம் அடியுங்கோ" என்கின்றோம். அல்லது ரூபாய்க் கணக்கை முழுமையாக்க ஊழியர் தாமே சிறுகச் சிறுகச் செலுத்துகின்றார். வளிக்கென விடப்பட்ட இடத்திலே பெற்றோல் ஏறி, ஆவிக்குழாய் வழியாகக் கரிப்பேணிக்குட் புகுகின்றது. ஆவியைப் பற்றவல்ல கரி, திரவத்தைத் தாங்காது. ஊறிப் பழுதடைந்த கரி காலப்போக்கிற் பொடிந்து, துகள்கள் வால்வுகளையும் குழாய்களையும் அடைக்கின்றன. ஆவி பேணியூடாகச் செல்லும் கார்களிலே இதன் பயன், அடுத்த முறை ஐந்து லீற்றருக்குள்ளேயே 'டக்'. அன்று ஆசையோடு ஏற்றிய அரை லீற்றருக்காக இன்று ஒரு பேணியின் விலையைச் செலுத்துகின்றோம்.

அந்த வெற்றிடம் வீணாக விடப்பட்டதன்று. நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த பெற்றோல் வெயிலிலே நிற்கும் காரில் 10 பாகை வெப்பம் ஏறினால், 40 லீற்றரானது ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் பெருக்கமடையும். அதற்கு இடம் வேண்டாமா?

இன்னுமொன்று. வெந்தூரி இழுப்பது பெற்றோலின் வேகத்தைக் கொண்டேயன்றோ? நெம்பை மிக மெதுவாக அழுத்திச் சொட்டுச் சொட்டாக விடும்போது அவ்விழுப்பு வலுவற்றுப் போகின்றது. துளை மூடப்பட்டாலும் தகடு அசையாதிருக்கக்கூடும். 'டக்'கிற்குப் பின் மெல்ல மெல்ல நிரப்புவோர், காவற்காரன் உறங்கும் வேளையிலேயே அவ்வாறு செய்கின்றனர். பெற்றோல் வழிந்து நிலத்தில் ஓடுவது அப்பொழுதுதான்.

மோட்டார் சைக்கிளின் தாங்கிக்கு நீண்ட கழுத்தில்லை; நொசிலின் நுனி பெரும்பாலும் பெற்றோலுக்கு மேலே, வெளியிலேயே நிற்கும். அங்கே இக்கருவியை நம்பியிருத்தலாகாது. நிரப்புபவரின் கண்ணே காவல். கார் உடையோர், எல்லா நிலையங்களிலும் 'டக்' தொடருமானால், தாங்கியைக் கழற்றச் சொல்லுமுன் கராஜிலே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்தக் காரில் வளி எந்த வழியால் வெளியேறுகிறது? கழுத்தோரக் குழாயாலா, கரிப்பேணியாலா?" விடை தெரிந்த மெக்கானிக், அவ்வழியையே முதலிற் கழற்றி ஊதிப் பார்ப்பார்.