கடைசி முடிச்சு ஸ்ட்ராங்கா இருக்கா பாஸ்?

இந்த வாரம் நம்ம ஹாபி ஏரியாவுக்குள்ள ஒரு தூண்டில் வருது. ஆனா மண்புழு வராது.

மீன் பிடிக்கிறதுன்னா முள்ளில் புழுவைக் குத்தி, தண்ணியில விட்டுட்டு, தேவுடு காக்கிறதுதானேன்னு நினைப்பீங்க. ஃப்ளை ஃபிஷிங் பார்ட்டிங்க புழு பக்கமே போக மாட்டாங்க. சின்ன முள்ளின் மேல கோழி இறகு, முயல் ரோமம், கொஞ்சம் ஜிகினா இதையெல்லாம் வச்சு நூலால் கட்டி, ஒரு டுபாக்கூர் பூச்சியைத் தயார் பண்ணுவாங்க. அதுக்குப் பேர்தான் 'ஃப்ளை'. தண்ணியில விழுந்த நிஜப் பூச்சின்னு நம்பி ட்ரவுட் மீன் லபக்குனு கவ்வும். அப்புறம் இருக்கு கச்சேரி!

நேத்து முளைச்ச ஃபேஷன்னு நினைக்காதீங்க. 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் கையேட்டிலேயே 12 விதமான ஃப்ளை பற்றி எழுதி வச்சிருக்காங்க. நம்ம நீலகிரி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட் வந்து சேர்ந்ததும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கு இருந்த இந்தத் தூண்டில் ஆசையால்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு ஃப்ளையில் வாலில் ஆரம்பிச்சு தலை வரைக்கும் பெரும்பாலும் ஒரே நூல்தான். இறகைப் பிடிச்சிருக்கிறதும் அதுதான், ரோமத்தைப் பிடிச்சிருக்கிறதும் அதுதான். முள்ளின் காதுக்குப் பக்கத்தில் (ஊசிக்குக் காது இருக்கிற மாதிரி தூண்டில் முள்ளுக்கும் உண்டு) அந்த நூல் முடியுது. அங்கே போடுற முடிச்சு கழண்டா, ஒரு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக் கட்டினது எல்லாம் கோவிந்தா! அதுவும் வீட்டு மேஜையில கழண்டா பரவாயில்லை. முழங்கால் தண்ணியில நிக்கும்போது, மீன் மேலே வர்ற அந்த அரை மணி நேரத்தில்தான் கழலும்.

புதுசா கட்டுறவங்க போடுறது 'ஹாஃப் ஹிட்ச்'. நூலில் ஒரு வளையம், லேசா ஒரு திருப்பு, முள்ளின் தலையில் மாட்டி ஒரு இழு. அவ்வளவுதான். மல்லிப்பூ கட்டுற அக்கா விரல்ல நூலை முறுக்கி, காம்பு மேல போட்டு இழுப்பாங்களே... கிட்டத்தட்ட அதே சுருக்கு. பூச்சரத்துக்கு இது ஜோர். ஒரு நாள் வாழ்ந்தா போதும் பாருங்க! ட்ரவுட்டுக்குப் பல் இருக்கு. வாயிலிருந்து முள்ளைக் கழற்ற இடுக்கி வேற போடுவாங்க. ஒவ்வொரு வீச்சிலும் அந்த ஃப்ளை காத்துல முன்னும் பின்னும் சாட்டை மாதிரி பறக்குது. இத்தனைக்கும் ஒத்தைச் சுருக்கு எப்படித் தாங்கும்?

"அப்ப நாலு ஹாஃப் ஹிட்ச் போட்டா?" நல்ல கேள்வி. ஆனா அந்த நாலும் தனித்தனி ஆளுங்க. வெளியே இருக்கிற முதல் சுருக்கு தளர்ந்தா, அந்தத் தொய்வு அடுத்ததுக்குப் போகும். அப்புறம் அதுக்கு அடுத்தது. வரிசையா விக்கெட்.

பொறுமைசாலிங்க போடுறது 'விப் ஃபினிஷ்'. இதுல வெட்டின நுனி வெளியே தொங்காது. நாலஞ்சு சுற்றுக்கு அடியில படுத்துக்கும். ஒவ்வொரு சுற்றும் அதை அமுக்கிக்கிட்டே இருக்கும். இதை நீங்க ஏற்கனவே பார்த்திருப்பீங்க. கிரிக்கெட் பேட்டோட ரப்பர் கிரிப்பை உருவிட்டுப் பாருங்க, கைப்பிடி முழுக்க நூல் சுற்றியிருக்கும். கடைசி நுனியைச் சுற்றுகளுக்கு அடியில இழுத்து மறைக்கிறது அங்கேயும் உண்டு. கப்பல் கயிறு பிரியாம இருக்க நுனியில் நூல் சுற்றுற மாலுமிகளும் இதே டெக்னிக்தான்.

முள் இல்லாமலே பழகலாம். ஒரு பென்சில், ஒரு முழம் தையல் நூல் போதும். நூலின் ஒரு நுனியைப் பென்சில் மேல படுக்க வச்சு, அது மேலேயே பத்து சுற்று சுற்றி இறுக்குங்க. இப்ப மீதி நூலை மடக்கி, கையகலத்துக்கு ஒரு வளையம் விட்டு, அடுத்த நுனியைப் பென்சில் மேல நீளவாக்கில் படுக்க வைங்க. அந்த நுனி உங்க பக்கம் பார்க்கட்டும். வளையத்தில், பென்சிலிலிருந்து கிளம்பி வர்ற கால் இருக்கே, அதைப் பிடிச்சு, படுத்திருக்கிற நூலையும் சேர்த்துப் பென்சிலைச் சுற்றுங்க. ஒவ்வொரு தடவையும் வளையம் பென்சில் முனையைத் தாண்டி வரும். அஞ்சு சுற்று ஆச்சா? இப்ப படுத்திருக்கிற நுனியை மெதுவா இழுங்க. வளையம் சுருங்கிச் சுருங்கி சுற்றுகளுக்குள்ள காணாமப் போயிடும். முறுக்கிக்காம இருக்க, கடைசி வரைக்கும் வளையத்துக்குள்ள ஒரு ஊசியை விட்டுப் பிடிச்சுக்கணும். ஒட்ட வெட்டிடுங்க.

பக்கத்துலேயே ஒரு ஹாஃப் ஹிட்ச் போட்டு அதையும் வெட்டுங்க. ரெண்டையும் நனைச்சு, நகத்தால் சுரண்டுங்க. எது முதல்ல கழலுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அஞ்சு சுற்று நல்லதுன்னா பத்து இன்னும் நல்லதுதானேன்னு இறங்காதீங்க. அடியில உரசல் ஏறி, இழுக்கும்போது நூல் பட்டுனு அறுந்துடும். என்னைக் கேட்டா, நாலு சுற்றில் ஒரு விப் ஃபினிஷ், அது மேலேயே இன்னொரு நாலு. முதலாவது தேய்ஞ்சாலும் ரெண்டாவது காப்பாத்தும். நூலில் லேசா மெழுகு தடவினா பிடிப்பு கூடும். ஜெல்-ஸ்பன்னு ஒரு வழவழ நூல் இருக்கு. பலம் ஜாஸ்தி, ஆனா வழுக்கும். அதுக்கு ரெண்டு சுற்று சேர்த்துப் போடுங்க.

இன்னொரு விஷயம் பல பேர் கவனிக்கிறதே இல்லை. முடிச்சு கழல்றதுக்குப் பல நேரம் முடிச்சு காரணமே இல்லை, இடம்தான்! ஆர்வக்கோளாறில் காது விளிம்பு வரைக்கும் இறகை அடைச்சுடுவாங்க. கடைசியில முடிச்சுக்கு இடமே இருக்காது. சரிவுல உட்கார்ந்த முடிச்சு வழுக்கிக் காது மேல ஏறிடும். அப்புறம் மீன் பிடிக்கிற நரம்பைக் கோக்கக்கூட ஓட்டை கிடைக்காது. அதனால முதல் சுற்று போடும்போதே, காதுக்குப் பின்னாடி இன்னொரு காது அளவுக்கு இடம் ஒதுக்கிடுங்க. ரிசர்வேஷன் இல்லாம கடைசி நேரத்துல சீட் தேடக் கூடாது!

"ஒரு சொட்டு ஃபெவிக்விக் போட்டா மேட்டர் ஓவர் இல்லையா?" ஓவர் இல்லை. பசையும் வார்னிஷும் நல்ல முடிச்சுக்குத் துணை, மோசமான முடிச்சுக்கு ஜாமீன் இல்லை. மேலே பூசின படலம் பாறையில அடிபட்டு விரிசல் விட்டா, உள்ளே இருக்கிற தளர்ந்த சுருக்கு தன் வேலையைக் காட்டிடும். கடைசி ஒரு சென்டிமீட்டர் நூலில் பசையை மெல்லிசா தடவிட்டு, உடனே விப் ஃபினிஷ் போடுறாங்க சிலர். அது புத்திசாலித்தனம். ஆனா வேகமா முடிக்கணும், பாதியில ஒட்டிக்கிட்டா கதை கந்தல். காதுக்குள்ள பசை போனா, காயறதுக்கு முன்னாடி ஊசியால் குத்தி எடுத்துடுங்க.

பாவம் ஹாஃப் ஹிட்ச்சை ரொம்பத் திட்டிட்டோம். அதுக்கும் வேலை இருக்கு. பாதி கட்டும்போது போன் அடிச்சா, ஒரு ஹாஃப் ஹிட்ச் போட்டுட்டு எழுந்து போகலாம். இறகு முடிஞ்சு ரோமம் ஆரம்பிக்கும் இடத்தில் தற்காலிகப் பூட்டா போடலாம்.

ஸ்காட்லாந்தில் மேகன் பாய்ட்னு ஒரு அம்மா இருந்தாங்க (1915-2001). கடலோரக் குடிசையில் உட்கார்ந்து சால்மன் ஃப்ளை கட்டியே வாழ்ந்தவங்க. அப்போ இளவரசரா இருந்த சார்லஸ் அவங்க கஸ்டமர். 1971-ல் பிரிட்டிஷ் எம்பயர் மெடல் கொடுத்தாங்க. இத்தனைக்கும் அந்தம்மா மீன் பிடிக்கிறவங்களே இல்லை! அவங்க கட்டினது எல்லாம் அடுத்தவங்க தூண்டிலுக்குத்தான். அங்கே முடிச்சு கழண்டா ஏமாறுறது காசு கொடுத்து வாங்கினவர்.

விப் ஃபினிஷ் போட வளைஞ்ச கம்பி மாதிரி ஒரு கருவியும் கடையில கிடைக்குது. வாங்கலாம், தப்பில்லை. ஆனா பென்சில்ல ஒரு இருபது தடவை விரலாலேயே போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க. அப்பதான் அந்தக் கம்பி எதைச் சுற்றுது, எதை இழுக்குதுன்னு உங்களுக்குப் புரியும்.