வாத்தியாருக்கு யார் வாத்தியார்?

எங்கள் தெருவில் ஒரு பையன். எம்.எஸ்சி. முதல் வகுப்பு. பிஎச்.டி.யும் வாங்கி விட்டான். போன ஜூன் மாதம் புறநகரில் ஒரு தனியார் காலேஜில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. தெருவுக்கே லட்டு கொடுத்தான்.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா?

துறைத் தலைவர் ஒரு டைம்-டேபிளைக் கையில் கொடுத்தார். "பதினோரு மணிக்கு பர்ஸ்ட் இயர், பி செக்‌ஷன். போய் க்ளாஸ் எடுங்க சார்" என்றார். அவ்வளவுதான்! பாடம் எதுவரைக்கும் போக வேண்டும், பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள், ஒரு வார்த்தை கிடையாது.

பையன் போனான். எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பியவன்தான், திரும்பிப் பார்க்கவே இல்லை!

"அண்ணே, அம்பது நிமிஷத்துக்குன்னு தயார் பண்ணிட்டுப் போனேன். இருபது நிமிஷத்துல எல்லாம் தீர்ந்து போச்சு. அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. நோட்ஸ் எழுதிக்கச் சொல்லிட்டேன்" என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையை அடகு வைத்து, பி.எப். பணத்தை எடுத்து நாம் பீஸ் கட்டி அனுப்பும் பிள்ளை அந்த எழுபதில் ஒன்று!

டிக் அடித்தால் போதுமா?

பஸ் ஓட்ட வேண்டுமானால் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். பேங்கில் புதிதாகச் சேர்ந்தவரை கவுண்டரில் உட்கார வைக்கும் முன் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். சலூனில் கூட புதுப் பையன் கையில் உடனே கத்தியைக் கொடுப்பதில்லை. முதலில் துண்டு உதறச் சொல்வார்கள்!

பள்ளிக்கூடத்து ஆசிரியரையே எடுத்துக் கொள்ளுங்கள். பி.எட். படிக்காமல் பட்டதாரி ஆசிரியர் ஆக முடியாது. அந்தப் படிப்பில், நிஜமான வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார்.

காலேஜுக்கு அது கிடையாது. முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் தேர்வும் வேண்டும். இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பிக்கும் திறன் பற்றியும் கேள்வி வருவது உண்மைதான். நாலு விடையில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நீச்சலைப் பற்றிய கேள்விக்குச் சரியாக டிக் அடித்தான் என்று ஒருவனைக் கிணற்றில் தள்ளுவது மாதிரி!

பிஎச்.டி. என்பது ஒரு விஷயத்தை ஆழமாகத் தோண்டும் படிப்பு. எழுபது பேரை ஐம்பது நிமிஷம் கட்டிப் போடுவது வேறு வித்தை.

போர்டு மாறியது

இது இன்றைக்கு நேற்று பிறந்த கவலை அல்ல. டாக்டர் கோத்தாரி தலைமையில் 1964-ல் போட்ட கல்விக் கமிஷன் 1966-ல் அறிக்கை கொடுத்தது. புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு இடம் பழகக் கொஞ்ச காலம் கொடுங்கள், நல்ல ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்காரச் சொல்லுங்கள், பல்கலைக் கழகம்தோறும் பயிற்சி நடத்துங்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

அறிக்கை அலமாரியில் இருபது வருஷம் தூங்கியது. 1986-ல் புதிய தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அதன் பிறகு 1987-ல் பல்கலைக் கழக மானியக் குழு "அகாடமிக் ஸ்டாப் காலேஜ்" திட்டத்தை ஆரம்பித்தது. நம் பக்கத்தில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக் கழகங்களில் இவை வந்தன. புதியவர்களுக்கு நாலு வாரம், 144 மணி நேரம் பயிற்சி. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சி. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை.

2015-ல் போர்டை மாற்றி "மனித வள மேம்பாட்டு மையம்" என்றார்கள். 2023-ல் மறுபடி மாற்றி "மாளவியா மிஷன்" மையம் என்று எழுதினார்கள். நடுவில் 2019-ல் "குரு-தக்ஷதா" என்று ஒரு மாத அறிமுகப் பயிற்சிக்குப் பாடத்திட்டமும் போட்டார்கள். பெயருக்குக் குறைச்சல் இல்லை!

குறை எங்கே? பயிற்சியைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டு விட்டார்கள். முதல் பதவி உயர்வு, படிப்பைப் பொறுத்து நாலு முதல் ஆறு வருஷத்தில் வருகிறது. அதற்கு சர்டிபிகேட் வேண்டும். ஆகவே பல பேர் அந்த நேரம் நெருங்கும்போதுதான் ஓடுகிறார்கள். அதற்குள் நாலைந்து செட் பிள்ளைகள் கையை விட்டுப் போய் விட்டார்கள்! பயிற்சியை முடிக்கக் கொடுத்த கெடுவை மானியக் குழுவே பல தடவை நீட்டியிருக்கிறது. எத்தனை பேர் பாக்கி இருந்தால் இப்படி நீட்டுவார்கள்?

இப்போது ஆன்லைனிலும் நடக்கிறது. ஒரு பேராசிரிய நண்பர் சொன்னார்: "கேமராவை ஆப் பண்ணிட்டு மார்க்கெட்டுக்குப் போய் கத்தரிக்காய் வாங்கிட்டு வந்தேன் சார். சர்டிபிகேட் வந்துடுச்சு!"

மூன்று விநாடி

பயிற்சியே வெட்டி வேலை என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மையார் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாலு வாரப் பயிற்சிக்குப் போனபோது ஒருவர் சொன்ன ஒரே ஒரு விஷயம் கடைசி வரை உதவியது என்கிறார். கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம்!

வேடிக்கையில்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் பள்ளி வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்கு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளமாக வருகிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்று கண்டு சொன்னார். தமிழ் மீடியத்தில் படித்து விட்டு வந்த பிள்ளை, இங்கிலீஷில் கேட்ட கேள்வியை மனசுக்குள் தமிழாக்கி, பதிலைத் தேடி, மறுபடி இங்கிலீஷாக்க வேண்டும். அதற்கு மூன்று விநாடியே போதாது. நாம்தான் "என்னப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டு விடுகிறோமே!

இதைத் தெரிந்துகொள்ள 144 மணி நேரம் வேண்டாம். ஒரு சாயங்காலம் போதும். ஆனால் முதல் வகுப்புக்கு முன்னால் யாராவது சொல்ல வேண்டும்.

"எங்க காலத்து வாத்தியார் எந்தப் பயிற்சிக்குப் போனார்? பிரமாதமா நடத்தலையா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நடத்தினார், ஒப்புக் கொள்கிறேன். ஆனால் அந்த ஒருவரைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். மீதிப் பேரின் முகமாவது நினைவிருக்கிறதா?

கௌரவம் பெயரில் மட்டும்

அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆயிரக் கணக்கில் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். கிராமத்துப் பிள்ளைகளின் வகுப்பை இழுத்துக் கொண்டு போவதில் பெரும் பங்கு இவர்களுடையது. இவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. பதவி உயர்வுக்காக வைத்த பயிற்சிக்கு இவர்களை யார் அனுப்பப் போகிறார்கள்? அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் போய் "உங்கள் திறமையை வளர்த்துக் கொள்ளுங்கள்" என்றால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்!

நான் கேட்பது கோடி ரூபாய்த் திட்டம் அல்ல. நிரந்தரமோ கௌரவமோ, புதியவரை முதல் இரண்டு வாரம் சீனியர் ஒருவரின் வகுப்பில் உட்கார வையுங்கள். பிறகு அந்த சீனியர் இவர் வகுப்பில் வந்து உட்காரட்டும். முதல் செமஸ்டரில் பாட வேளையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் சம்பளம் போடுங்கள்.

எங்கள் தெருப் பையனுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. நிர்வாகம் செய்யவில்லை. அதே துறையில் ஒரு மூத்த அம்மா, அவன் முகத்தைப் பார்த்து விட்டுக் கூப்பிட்டாராம். "தம்பி, நாளையிலேர்ந்து என் க்ளாஸ்ல கடைசி பெஞ்சுல வந்து உட்காருங்க. ஒண்ணும் எழுத வேண்டாம். பிள்ளைங்க மூஞ்சியை மட்டும் பாருங்க."

பத்து நாள் உட்கார்ந்தான். எங்கே நிறுத்துகிறார், எங்கே தமிழில் சொல்கிறார், பின் பெஞ்சுக்காரனை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று பார்த்தான். இப்போது கரும்பலகைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறானாம்!

அந்த அம்மா வருகிற மே மாதம் ரிட்டையர் ஆகிறார். ஜூனில் அந்தத் துறைக்குப் புதிதாக இரண்டு பேர் வருகிறார்களாம்.