பூட்டிக் கிடக்கும் அறைகள்



யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு அறை தேடிப் போகிற இளைஞனிடம் முற்பணக் கதைக்கு முன்னமே ஒரு கேள்வி வரும்: "தம்பி எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" ஊர்வழக்கில் இது வெறும் விசாரிப்பு. அச்சுவேலி சான்றுபெற்ற பாடசாலையிலிருந்தோ, சிறையிலிருந்தோ, போதைப்பொருள் புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வெளியே வந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் நா எழாது. சொன்னால் அறை இல்லை. மறைத்தால், ஒரு கிழமைக்குள் யாராவது வீட்டுக்காரரின் காதில் போட்டுவிடுவார்கள்.

இது இன்று நேற்றுத் தோன்றிய சங்கடம் அல்ல. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு முன்னாள் போராளிகள் என்று ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் 594 பேர் சிறுவர்கள். அம்பேபுஸ்ஸ, இரத்மலானை இந்துக் கல்லூரி, வவுனியா பூந்தோட்டம் ஆகிய இடங்களில் இருந்த அந்தப் பிள்ளைகள் 2010 மே மாதத்துக்குள் விடுவிக்கப்பட்டார்கள். தொழிற்பயிற்சி கிடைத்தது. ஆனால் பல குடும்பங்களே அப்போது தறப்பாளின் கீழ்தான் இருந்தன. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில். விடுதலையான பெரியவர்களைத் தேடிப் புலனாய்வுக்காரர் வீடு வீடாக வந்தார்கள். அப்படி விசாரணை வரும் ஆளுக்கு யார் அறை கொடுப்பார்? வீட்டுக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். பட்டு அறிந்த பயம் அது.

இன்றைய பிள்ளைகளின் வழக்குகள் வேறு: போதைப்பொருள், களவு, வாள்வெட்டு. அனுதாபமும் குறைவு. சட்டம் சற்று இளகியிருக்கிறது. குற்றப் பொறுப்புக்கான வயதெல்லை 2018 இல் 8 இலிருந்து 12 ஆக உயர்ந்தது. நன்னடத்தை அலுவலரும் இருக்கிறார். ஆனால் வேலைக்குப் போக பொலிஸ் சான்றிதழ் வேண்டும், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும். இரண்டுக்கும் ஒரு விலாசம் வேண்டும். அங்கேதான் எல்லாம் சிக்கி நிற்கிறது.

"வீட்டுக்குப் போகட்டுமே" என்பீர்கள். எந்த வீடு? நமது வழக்கப்படி காணியும் வீடும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். உள்ளே இருந்த காலத்தில் அக்காவுக்குக் கலியாணம் முடிந்திருந்தால், திரும்பி வருகிறவன் அத்தானின் வீட்டு விறாந்தையில் பாய் விரிக்கிற விருந்தாளி. நாலு மாதம் பொறுப்பார்கள். பிறகு ஒரு சொல் தடிக்கும், பையன் பழைய கூட்டாளிகளின் அறைக்குப் போய்விடுவான். அவர்கள் எவரும் ஊரும் பேரும் கேட்பதில்லை. இளம் பெண்ணென்றால் நிலை இன்னும் மோசம். அவளைப் பற்றி ஊர் பேசும் பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இதே குடாநாட்டில்தான் நல்லூரிலிருந்து பருத்தித்துறை வரை எத்தனையோ நாற்சார் வீடுகளும் மாடி வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. உடையவர்கள் கனடாவிலும் லண்டனிலும். முற்றம் கூட்ட ஓர் ஆள், கோயில் திருவிழாவுக்கு மட்டும் திறக்கிற கதவு. அந்த லண்டனிலேயே ஒரு ஏற்பாடு உண்டு. பராமரிப்பு இல்லத்தை விட்டு வெளியேறும் இளையோருக்குச் சாதாரணக் குடும்பமொன்று தன் வீட்டில் ஓர் அறை கொடுக்கும். சமைக்கவும் கணக்குப் பார்க்கவும் பழக்கும். அதற்கு உள்ளூராட்சி அமைப்பு பணம் செலுத்தும், அலுவலர் ஒருவர் வந்து பார்ப்பார். புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இது புதினமான சங்கதி அல்ல.

அதை அப்படியே இங்கே நட்டுவைக்க முடியாது. யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவும் இல்லை. நன்னடத்தை அலுவலரின் பொறுப்பில், எழுத்தில் உடன்பாடு வைத்து, ஆறு மாதத்துக்கு ஓர் அறை. பிள்ளை தன் உழைப்பில் சிறு வாடகை கட்டட்டும். இலவசமாகக் கிடைக்கும் அறையில் யாருக்கும் கால் ஊன்றாது. பிணக்கு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.

உங்களிடம் அப்படி ஓர் அறை இருந்தால், அல்லது முன்பு கொடுத்துப் பார்த்த அனுபவம் இருந்தால், நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். கடித உறையின் மூலையில் "அறை" என்று குறித்தால் போதும். பிள்ளையின் பெயரையும் வழக்கையும் மட்டும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்