காற்று நிற்கிறதா என்று பாருங்கள்

நம் சங்க அறையின் அலமாரிக்குக் கீழே ஓர் ஆர்மோனியம் கிடக்கிறது. புதிதாக வரும் தம்பி தங்கைகள் பலர் அதன்மேல் கோப்புகளை அடுக்கி வைக்கிறார்கள். அதை வாங்கிய செயலவையில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது கலை இரவுக்கு ஆறு வாரம் இருந்தது. பொருளாளரும் நானும் கடைக்குப் போனோம். இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. கண்ணாடிபோல் மின்னிய மெருகையும் முன்பக்கத்தில் வரிசையாக இருந்த குமிழ்களையும் பார்த்து மயங்கி வாங்கிவிட்டோம்.

முதலாமாண்டு மாணவி ஒருவர் ஆசையோடு பழகத் தொடங்கினார். சுரத்தை நீட்டினால் பாதியிலேயே மங்கியது. துருத்தியை வேகமாக அடித்தால் கை வலித்தது. “எனக்கு இசை வராது போலிருக்கு அண்ணா” என்று சொல்லி ஒரே மாதத்தில் நின்றுவிட்டார். பிறகொரு நாள் கோயில் பஜனைக் குழுவில் பெட்டி வாசிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். இரண்டு நிமிடம்தான் பார்த்தார். “பிள்ளைமேல குத்தமில்ல தம்பி, பெட்டி காத்தை விடுது” என்றார்.

பழகத் தொடங்கும் ஒருவருக்குப் பழுது கருவியிலா தன் கையிலா என்று தெரியாது. பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்வார். மோசமான கருவியால் பணம் வீணாவதைவிட இதுதான் பெரிய நட்டம்.

இதற்காக, மொத்தமாகச் செய்து விற்கும் பெட்டி எல்லாமே மட்டம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பாரிசில் டெபேன் 1840களில் உருவாக்கிய ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது. தரையில் அமர்ந்து கையால் துருத்தி போடும் வடிவத்தைக் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தார். அந்த வடிவம் மலிவாகக் கிடைத்ததால்தான் நாடக மேடைக்கும் பஜனை மடத்துக்கும் சாதாரண வீட்டுக்கும் வந்தது. ‘5 கட்டை சுருதி’ என்று நம் பாடகர்கள் சொல்வதும் ஆர்மோனியக் கட்டையை எண்ணித்தானே?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ரீட்டைப் பொருத்துவதும் தோல் ஒட்டுவதும் கட்டைகளைச் சரிசெய்வதும் பெரும்பாலும் கைவேலை. அவசரத்தில் செய்தால், ஒரே பெயர்ப்பலகை ஒட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் அமையும். ஆகவே பெயரும் விலையும் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியைப் பெட்டியிடமே கேட்க வேண்டும்.

முதலில் காற்று. குமிழ்களைத் திறந்து துருத்தியை நன்றாகப் போடுங்கள், கட்டையைத் தொடாதீர்கள். ஏதாவது ஒரு சுரம் தானாக முனகினால் அந்தக் கட்டையின் அடைப்பு சரியாக மூடாமல் இருக்கலாம். அடுத்து நடுவில் ஒரு கட்டையை அழுத்தி, துருத்தியை நிறுத்திவிட்டு ஒலி எத்தனை எண்ணும்வரை நிற்கிறது என்று பாருங்கள். மூன்று பெட்டிகளில் இதையே செய்தால் வேறுபாடு தானே தெரியும்.

இரண்டாவது கட்டைகள். மெல்லிய காற்றில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கீழ்ச் சுரங்கள் சற்றுத் தாமதமாகப் பேசுவது இயல்பு. ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒரே எளிமையோடு பேச வேண்டும். கட்டை பக்கவாட்டில் ஆடுகிறதா? அழுத்தியபின் உடனே எழுகிறதா? கட்டையின் ‘டக் டக்’ சத்தம் சுரத்தைவிட அதிகமாகக் கேட்கிறதா?

மூன்றாவது சுருதி. ரீட் வரிசைகளைத் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் ஒலிக்கச் செய்யுங்கள். சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி அலையலையாக நடுங்கினால் சுருதி விலகியிருக்கிறது. கைத்தொலைபேசியிலேயே சுருதி பார்க்கும் செயலி இருக்கிறது. செவியை நம்ப முடியாதவர்கள் அதைப் பயன்படுத்தலாம். குமிழ்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். சில பெட்டிகளில் அவற்றுள் ஒன்றிரண்டு வெறும் அலங்காரம்தான்.

நம் நாட்டு ஈரக்காற்றையும் மறக்கக்கூடாது. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கடையின் குளிர்சாதன அறையில் ஒழுங்காக இருந்த கட்டை, நம் மண்டபத்தில் சிக்கிக்கொள்ளலாம். முதல் சில மாதங்களில் கடைக்காரரே சரிசெய்து தருவாரா என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

மூன்று கடைகளில் விலை கேட்டு, குறைந்ததை எடுப்பது நம் சங்கங்களின் வழக்கம். பதாகை அடிக்க அது போதும். இசைக்கருவிக்குப் போதாது. விலைப்பட்டியல் ரகத்தைத்தான் சொல்கிறது. நம் கைக்கு வரும் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். சங்கத்தில் யாரும் இல்லையென்றால் கோயிலில் பெட்டி வாசிக்கும் பெரியவரை அழைத்துப் போங்கள். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் அரைமணி நேரம் மகிழ்ச்சியோடு வருவார்.

அந்தத் தங்கை பட்டம் பெற்றுப் போய்விட்டார். “தவறு உன்னுடையதல்ல” என்று அவரிடம் உரிய நேரத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்து பழக வருகிறவரிடம் அப்படிச் சொல்லும் நிலை நம் செயலவைக்கு வராமல் இருக்கட்டும்.