குடிமேற் சுமத்தப்படும் பழி

வாகரையிலே ஒரு தாய் தன் மார்பில் ஒரு கட்டியைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை அவள் முதலில் யாரிடம் மறைப்பாள்? தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் உறவினரிடம்! “அந்தக் குடிக்கு அந்த வருத்தம் உண்டு” என்ற ஒரு சொல் ஊருக்குள் புறப்பட்டால், அவ்வீட்டுப் பெண்பிள்ளைகளின் வாழ்வு என்னாவது? மருத்துவரிடம் போகவேண்டிய மாதங்கள் மௌனத்திலே கழிகின்றன. கட்டியோ காத்திருப்பதில்லை.

மட்டக்களப்புத் தேசம் தாய்வழியிலே குடி எண்ணும் தேசம். ஆகவே நோயின் வேரையும் அங்கே தாய்வழியிலேயே தேடுகிறார்கள். இது முழுப்பிழை. 1990இல் மேரி கிளெயர் கிங் என்னும் பெண் விஞ்ஞானி பதினேழாம் நிறமூர்த்தத்தில் இடங்காட்டி, 1994இல் பிரித்தறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1 என்ற பரம்பரையலகில் பழுது நேர்ந்தால் ஆபத்து பெரிதுதான். அப்பழுதைத் தாங்கிய பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். ஆனால் அப்பழுதைத் தாய் தருவதுபோலவே தந்தையும் தருவான். பிள்ளைக்கு அது சேரும் வாய்ப்பு இருவழியிலும் சரிபாதி. தந்தையோ வேறு குடியைச் சேர்ந்தவன்! குடியின் பெயரைக் கேட்டு மணம் பேசும் பெரியவர்கள் தகப்பனின் தாய்க்கும் சகோதரிக்கும் என்ன நேர்ந்தது என்று கேட்பதே இல்லை. பழி ஒரு குடியின் மேல்; பழுது மற்றொரு குடியிலிருந்து வந்திருக்கலாம்.

அதுவும் சிலர் கதைதான். இந்நோய் கண்டவர்களுள் இத்தகைய வலிய பரம்பரைப் பழுதால் நோயுற்றோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே. எஞ்சியோரிடத்தும் பரம்பரை வேலை செய்யாமலில்லை. ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் மார்பகக் கலங்களைப் பெருகத் தூண்டுவது. அவ்வோமோனை ஏற்கும் வாங்கியை ஆக்கும் பரம்பரையலகு ஆறாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் அருகே உள்ள ஒரு சிறு வேறுபாடு ஆபத்தைச் சற்றே கூட்டுவதை 2009இல் ஷங்ஹாய்ப் பெண்களிடையே நடந்த ஆய்வு காட்டியது. சற்றே என்பதைக் கவனிக்க வேண்டும். ஓமோனை உண்டாக்கும் வேறொரு பரம்பரையலகின்மீது 1990களில் சுமத்தப்பட்ட குற்றமோ பின்வந்த பெரிய ஆய்வுகளில் நிலைக்கவில்லை. விஞ்ஞானம் தன் தவறான தீர்ப்பைத் திருத்திக்கொள்கிறது, ஊர்வாய் திருத்திக்கொண்டதுண்டா?

இத்தகைய சிறு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தே ஒருத்தியின் ஆபத்தைக் கூட்டியும் குறைத்தும் வைக்கின்றன. 2019இல் 313 வேறுபாடுகளைச் சேர்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அது ஐரோப்பிய வம்சத்துப் பெண்களின் தரவிலே எழுந்த கணக்கு. நம் பெண்களின் குருதியைக் கேளாமலே நம் பெண்களுக்கு விலைகூறி வரும் சோதனைகளை ஐயத்தோடுதான் நோக்க வேண்டும்.

இவ்வளவையும் “தலைவிதி” என்று சுருக்குவோர் யாருக்கு உதவுகிறார்கள்? அதிகாரத்துக்கே உதவுகிறார்கள். நோய்க்கு இரத்தமே முழுக் காரணமென்றால் ஆஸ்பத்திரி எதற்கு? முப்பத்தைந்து வயதான பெண்களை அழைத்து மார்பகத்தையும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் இந்நாட்டில் உண்டு. கிளினிக்கில் கட்டி என்று ஐயுற்றபின் வாகரைப் பெண்ணின் வழி என்ன? பனிச்சங்கேணிப் பாலம் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். அன்றைய கூலியும் போய்விடும். அதற்குமேல் மகரகமைக்குப் போவென்றால் தீவின் மறுகரைக்கே போகவேண்டும். 2004இல் கடலும் 2007 வரை போரும் தின்ற ஊர் அது. அங்குள்ள ஏழைப் பெண் காலந்தாழ்த்தி வந்தால், அவள் குடியையா குற்றஞ்சொல்வது?

மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது மறைக்காமல் சொல்லுங்கள், தாய்மாரே. தகப்பன் வழி மாமியின் வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.